பேசுவதற்கு ஒரு ரூம் கொடுங்கள்: திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதலாளிகளுக்கும் மேனேஜர்களுக்கும் எச்.ஆர். அலுவலர்களுக்கும் வணக்கம்.

நான் 17 வருஷமாகத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை பார்க்கிறவள். சொந்த ஊர் வெள்ளகோவில் பக்கம். கைமடி என்கிற உதவியாள் வேலையில் ஆரம்பித்து, செக்கிங் போய், இப்போது பேக்கிங் செக்ஷனில் முப்பது பேரைப் பார்த்துக்கொள்கிறேன். கூலி உயர்வு, போனஸ் இதையெல்லாம் கேட்டு இந்த மடலை எழுதவில்லை. அதைக் கேட்கச் சங்கங்கள் இருக்கின்றன. நான் கேட்பது ஒரு ரூம். கதவு சாத்தக்கூடிய, உள்ளே ஒரு சேர் போட்ட சின்ன ரூம். அதில் நம் தொழிலாளி ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து, மனநல ஆலோசகர் ஒருவரிடம் போனில் பேச வேண்டும். இது எதற்கு என்று கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

2022-ல் நூல் விலை ஏறியது உங்களுக்கு நினைவிருக்கும். மே மாதம் நீங்களே இரண்டு நாள் கம்பெனிகளை அடைத்துப் போராடினீர்கள். அதற்கப்புறம் ஆர்டரும் குறைந்தது. வாரத்துக்கு ஆறு நாள், ஒன்றரை ஷிப்ட் என்று ஓடிக்கொண்டிருந்த எங்கள் வீட்டில் எனக்கு மூன்று நாள், பவர்டேபிள் (மோட்டார் தையல் மிஷின்) டெய்லரான என் வீட்டுக்காரருக்கு மூன்று நாள் என்று வேலை சுருங்கிப்போனது. இரண்டு குழு லோன் இருந்தது. மகள் ப்ளஸ் டூ. திங்கட்கிழமை காலையில் குழுக்காரர் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

முதலில் தூக்கம் போனது. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்புத் தட்டும், அப்புறம் விடிய விடிய சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். பிறகு நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. அப்போது செக்கிங்கில் இருந்தேன். ஓட்டை விழுந்த பீஸ் கண்ணுக்கு முன்னால் போகும், ஓட்டை என்று தெரியும், கை எடுக்காது. ஒரு நாள் ஆல்டருக்கு, அதாவது சரிசெய்ய, திரும்பி வந்த கட்டு முழுக்க என் டேபிளில் பாஸ் ஆனது. சூப்பர்வைசர் கத்தினார். அவர் கத்தியது காதில் விழுந்தது, ஆனால் வேறு யாரையோ திட்டுகிற மாதிரி இருந்தது.

நானும் சும்மா இருந்துவிடவில்லை. கிளினிக்குக்குப் போனேன். ஈ.சி.ஜி. எடுத்து, நெஞ்சில் ஒன்றுமில்லை என்று சொல்லி, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள். மாமியார் கயிறு மந்திரித்துக் கட்டினார். சிவன்மலை முருகன் கோயிலுக்கு நடந்தே போய் வந்தேன். மலையை விட்டு இறங்கும்வரை மனசு லேசாக இருந்தது, வீட்டு வாசல் ஏறியதும் பழையபடி. முருகனை நான் குறை சொல்லவில்லை, இன்றைக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். யாரோ சொல்லி, கோயமுத்தூரில் கவுன்சலிங் கொடுக்கிற ஒருவரிடமும் போனில் விசாரித்தேன். ஒரு தடவைக்கு ஆயிரம் ரூபாய், ஏழெட்டுத் தடவையாவது வரவேண்டியிருக்கும் என்றார்கள். ஆயிரம் ரூபாய் என்றால் எனக்கு இரண்டு நாள் கூலிக்கு மேல், அதோடு போகவர ஒரு நாள் லீவு வேறு. அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டேன்.

கடைசியில், மனசு விட்டுப் பேசுவதற்கான ஒரு அரசு நம்பர் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், பரீட்சை பயமாக இருந்தால் கூப்பிடுங்கள் என்று. கெமிஸ்ட்ரி நோட்டின் பின்னட்டையில், பேனாவால் கட்டம் போட்டு, 14416.

பேச உட்கார்ந்த கதையை அப்படியே சொல்கிறேன். நான் உங்களிடம் கேட்பது அதற்குள்தான் இருக்கிறது.

எங்கள் லைன் வீட்டில் எட்டுக் குடித்தனம். சுவருக்கு அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். அதனால் மொட்டை மாடிக்கு ஏறி, சின்டெக்ஸ் டேங்க் மறைவில் நின்று போட்டேன். தமிழுக்கு ஒரு எண்ணை அழுத்தச் சொன்னது, அழுத்தினேன். ஒரு பெண் குரல் வணக்கம் சொன்னது. நான் வாய் திறக்கும் நேரம், வீட்டுக்காரம்மா காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்கு வந்துவிட்டார். "யார்கிட்டம்மிணி பேசற?" என்றார். "எங்க சின்னம்மாகிட்டங்க்கா" என்று சொல்லிவிட்டுக் கட் பண்ணினேன். இரண்டாவது தடவை கம்பெனியில், சாப்பாட்டு நேரத்தில், சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால். ஜெனரேட்டர் சத்தத்தில் அவர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை, நான் சத்தமாகப் பேசினால் ஊருக்கே கேட்கும். மூன்றாவதாக பாத்ரூமுக்குள் போய்ப் பார்த்தேன். வெளியே நாலு பேர் வரிசையில் நின்றுகொண்டு கதவைத் தட்டினார்கள்.

நம்பர் இலவசம். போனில் காசு இருந்தது. பேசத் தயாராக ஒரு மனுஷி அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். எனக்கு நின்று பேச நாலடி இடம் கிடைக்கவில்லை.

அப்போது நான் இருந்த கம்பெனியின் பேப்ரிக் குடோனில் ஒரு அண்ணன் இன்சார்ஜாக இருந்தார். சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்ததைப் பார்த்திருப்பார் போல. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டு, "குடோன்ல ஆரும் இல்லம்மிணி. உள்ள உக்காந்து பேசு. நான் வெளியில இருந்துக்கறன்" என்றார். ஒரு ஸ்டூலை இழுத்து வாசலில் போட்டு, டீ கிளாஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளே நாலு பக்கமும் கூரை வரைக்கும் துணி ரோல். அங்கே பேசினால் சத்தம் வெளியே போகாது, காட்டனுக்குள்ளேயே அடங்கிவிடும். அது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ரிப் ரோல் ஒன்றின் மேல் உட்கார்ந்து நாற்பது நிமிஷம் பேசினேன். பேர் சொல்ல வேண்டாமென்று இருக்கிறேன் என்றேன், சரிங்க என்றார் போனில் இருந்த ஆலோசகர்.

"மன அழுத்தம் இருக்குங்களா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இல்லீங்க. வெசனமா இருக்கு" என்றேன்.

மனக்கவலையை எங்கள் பக்கம் வெசனம் என்போம். அவர் வேறு ஊர்க்காரர் போல. ஒரு நொடி யோசித்துவிட்டு, "வெசனம்னா உங்களுக்கு எப்படி இருக்கும்னு சொல்லுங்க, கேக்கறேன்" என்றார். நான் சொன்ன வார்த்தையை அவர் திருத்தவில்லை. அந்த இடத்தில்தான் எனக்குப் பேச்சு வந்தது.

சாக வேண்டும் என்று தோன்றியிருக்கிறதா என்று நேராகவே கேட்டார். அதுவரை ஒருத்தரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. தோன்றியிருக்கு என்றேன். அவர் பதறவில்லை, திட்டவில்லை, பொம்பளைப் பிள்ளையை வைத்துக்கொண்டு இப்படிப் பேசலாமா என்று சொல்லவில்லை. எவ்வளவு நாளாக, எந்த நேரத்தில், இப்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வாசலில் ஒரு அண்ணன் உட்கார்ந்திருக்கிறார் என்றேன். நல்லது என்றார்.

அதற்குப் பிறகு நாலு தடவை பேசினேன், எல்லாமே அந்தக் குடோனில்தான். கடன் எவ்வளவு, யாருக்கு, எந்தத் தேதி என்று ஒரு பேப்பரில் எழுதச் சொன்னார். தலைக்குள் மலையாக நின்றது பேப்பரில் பதினோரு வரிதான் வந்தது. அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு ஒருமுறை போய் டாக்டரைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன், சில மாதம் மாத்திரை சாப்பிட்டேன், டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினேன். இவ்வளவுக்கும் எனக்கு ஆன செலவு பஸ் காசு மட்டும். குடோன் அண்ணன் இன்று வரைக்கும் யாரிடம் பேசினாய், என்ன பேசினாய் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அந்த நம்பரைப் பற்றி அப்புறமாகப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்லிவிடுகிறேன், உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று மத்திய அரசு டெலி மானஸ் என்ற பெயரில் இதைத் தொடங்கியது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனைதான் இதற்குத் தலைமை இடம். தமிழ்நாட்டில் அதே மாதம் 'நட்புடன் உங்களோடு' என்று பேர் வைத்து நம் சுகாதாரத் துறை நடத்த ஆரம்பித்தது. 14416, அல்லது 1800-891-4416. இரவு பகல் எந்நேரமும் பேசலாம், கால் கட்டணம் கிடையாது, 20 மொழிகளில் சேவை இருக்கிறது. முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல டாக்டருக்குப் போகும், அல்லது மாவட்ட மனநலத் திட்டத்துக்கும் அரசு மருத்துவமனைக்கும் வழி சொல்வார்கள். தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை எண்ணான 104-லும் கவுன்சலிங் உண்டு. சென்னையில் 1986 முதல் இருக்கிற தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் எண் 044-24640050, அதற்குச் சாதாரண கால் கட்டணம் ஆகும்.

இதில் ஒரு விஷயம் என்னை ரொம்ப நாள் உறுத்தியது. 104-ஐயும் சினேகா எண்ணையும் நான் இதற்கு முன்னால் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பேப்பரில் தற்கொலைச் செய்தி வந்தால் அதன் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அங்கேயே பார்த்துப் பார்த்து, அது சாகப்போகிறவர்களுக்கான நம்பர் என்று மனசில் பதிந்துபோனது. நமக்கு எதற்கு, நமக்கு வெறும் தூக்கமின்மைதானே என்று விட்டுவிட்டேன். தூக்கம் வராததற்கும், படபடப்புக்கும், புருஷன் பெண்டாட்டி சண்டைக்கும், குடிக்கும், பிள்ளையின் பரீட்சை பயத்துக்கும் கூப்பிடலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பேப்பர்க்காரர்கள் போடுவது நல்ல காரியம், அதை நிறுத்தக் கூடாது. ஆனால் சாவுச் செய்திக்கு அடியில் மட்டும் இருந்தால் போதாது. சம்பளக் கவரிலும் இருக்க வேண்டும், பஸ் நேரம் எழுதிய பலகைக்குப் பக்கத்திலும் இருக்க வேண்டும்.

2015-16-ல் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் ஒரு மாநிலம். சாதாரணமாக வருகிற மனச்சோர்வு, பதற்றம் போன்ற தொந்தரவு உள்ளவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேருக்கு நாடு முழுக்கச் சிகிச்சையே கிடைக்கவில்லை என்று அதில் இருக்கிறது. அந்த 85 பேரில் ஒருத்தியாகத்தான் நான் இருந்தேன். என்னுடைய லைனில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தினமும் எட்டரை மணிக்கு வருகை போடும்போது யோசிக்கிறேன். போன வாரம் ஒரு பொண்ணு பாலி கவரில் பீஸைப் போட்டுவிட்டு, கவரை மடிக்காமல் அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அந்தப் பார்வை தெரியும்.

சரி, உங்களிடம் கேட்க வந்ததற்கு வருகிறேன்.

ரூம் புதிதாகக் கட்டச் சொல்லவில்லை. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் முதலுதவி ரூம் வேண்டும் என்று 1948-ம் வருஷத்துப் பழைய தொழிற்சாலைச் சட்டமே சொல்லிவிட்டது. பெரிய கம்பெனிகளில் அந்த ரூம் ஆடிட்டுக்குப் பயர், அதாவது சரக்கு வாங்கும் கம்பெனிக்காரர், வரும் நாளில் திறந்திருக்கும், மற்ற நாளில் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கும். அதைக் காலி பண்ணினால் போதும். சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டில் அந்த வசதி இருக்காது, எனக்குத் தெரியும். அங்கே குடோன் மூலை போதும், பழைய சாம்பிள் ரூம் போதும். ஆபீஸுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். மேனேஜர் கண்ணாடி வழியாகப் பார்க்கிற ரூமில் யாரும் அழ மாட்டார்கள். கதவுக்கு வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி பூட்டு வையுங்கள், உள்ளே இருப்பவரின் பாதுகாப்புக்கு அது முக்கியம்.

நேரம்தான் கஷ்டம் என்பீர்கள். லைனில் ஒருவர் எழுந்தால் ஓவர்லாக் மிஷினில் முடிந்த கட்டு அடுத்த மிஷினான பேட்லாக்குக்குப் போகாமல் தேங்கும். கால் மணி நேரத்தில் லைனே நிற்கும். இது எனக்கும் தெரியும், நானும் டார்கெட் பார்க்கிறவள்தான். ஆனால் ஒரு டெய்லருக்குக் கை காயம் என்றால் மாற்று டெய்லரை உட்கார வைக்கிறோம், மிஷின் ரிப்பேர் என்றால் மெக்கானிக் வரும்வரை காத்திருக்கிறோம். அப்படி வாரத்தில் ஒரு அரை மணி. அதற்கு ஷிப்ட் கூலி பிடிக்க வேண்டாம். பீஸ் ரேட்காரருக்கு, அவருடைய சராசரியைப் பார்த்து அந்த அரை மணிக்குச் சேர்த்துக் கொடுங்கள். கூலி பிடிப்பீர்கள் என்று தெரிந்தால் யாரும் வர மாட்டார்கள்.

அடுத்தது போன். பயர் டிசைனை யாரும் படம் எடுத்துவிடக் கூடாது என்று கேட்டிலேயே போனை வாங்கி வைக்கிற கம்பெனிகள் இருக்கின்றன. அந்தக் காரணம் புரிகிறது. கேட்டில் இருக்கிற போனை அந்த ரூமுக்கு மட்டும் எடுத்துப்போக விடுங்கள். கம்பெனி போன் ஒன்றை வைத்துவிடலாமே என்று எங்கள் எச்.ஆர். மேடம் கேட்டார். நல்ல எண்ணம்தான், ஆனால் ஆலோசகர் திரும்பக் கூப்பிட்டால் அந்தப் போனை யார் எடுப்பார்கள்? அவரவர் போன்தான் சரி. ரிசப்ஷன் வழியாகப் போகும் லேண்ட்லைன் கூடவே கூடாது.

போஸ்டரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 'மனநோய்', 'மனநலப் பாதிப்பு' என்று பெரிய எழுத்தில் எழுதினால் நம் ஆட்கள் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார்கள். கிறுக்கு என்று பேர் கட்டிவிடுவார்கள் என்ற பயம், கல்யாணமாகாத பிள்ளைக்கு இன்னும் பயம். 'வெசனமா இருக்குதா? தூக்கம் வரலையா? நெஞ்சு படபடங்குதா? காசில்லாமப் பேசலாம், 14416' என்று எழுதுங்கள். அதை டைம் ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் ஒட்டினால், யார் நின்று படிக்கிறார்கள் என்று நாலு பேர் பார்ப்பார்கள். பாத்ரூம் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். தனியாக இருக்கும்போது பார்த்து மனப்பாடம் பண்ணிக்கொள்ளலாம். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்து நம்மோடு வேலை செய்யும் பிள்ளைகளுக்காக ஹிந்தியிலும் ஒடியாவிலும் ஒட்டுங்கள். தாய் தகப்பனைப் பிரிந்து, ஒரு ரூமில் பத்துப் பேராகப் படுத்திருக்கிற பிள்ளைகள் அவர்கள்.

நூல் மில் ஹாஸ்டல்களை நடத்துகிறவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என் சித்தி பேத்தி ஒரு மில் ஹாஸ்டலில் இரண்டு வருஷம் இருந்தாள். வாரத்துக்கு ஒருமுறை, வார்டன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பத்து நிமிஷம் வீட்டுக்குப் பேசலாம். நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், இதைத் தவிர அந்தப் பத்து நிமிஷத்தில் என்ன பேச முடியும்? பாதுகாப்புக்காகத்தான் என்று சொல்கிறீர்கள். பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பிள்ளை தன் பயத்தைச் சொல்ல ஒரு வழிகூட இல்லாமல் இருப்பது எந்த விதத்தில் பாதுகாப்பு?

இரண்டு மூன்று கம்பெனிகளில் வருஷத்துக்கு ஒருமுறை மோட்டிவேஷன் பேச்சாளரைக் கூட்டி வருகிறார்கள். நானூறு பேரைக் கட்டிங் ஹாலில் தரையில் உட்கார வைத்து, நம்பிக்கையோடு இருங்கள், கவலையைத் தூக்கிப் போடுங்கள் என்று சொல்வார். கை தட்டுவோம். அன்றைக்கு என் பக்கத்தில் இருந்த அக்கா என் காதில், "கவலையத் தூக்கிப் போட்டா யாரு அம்மிணி எடுத்துக்குவாங்க?" என்று கேட்டாள். வேடிக்கைக்காகக் கேட்கவில்லை, கண் கலங்கியிருந்தது. அந்தப் பேச்சாளருக்குக் கொடுக்கிற பணத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நானூறு பேரிடம் ஒருவர் பேசுவதைவிட, ஒருத்தி சொல்வதை ஒருவர் கேட்பதுதான் எங்களுக்குத் தேவைப்படுகிறது.

யார் அந்த ரூமுக்குப் போனார்கள் என்று நோட்டில் எழுதி வைக்காதீர்கள். சூப்பர்வைசர்களிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஒருத்தர் டீக்கடையில் வாய் விட்டால், அடுத்த நாளிலிருந்து அந்த ரூமுக்கு ஒரு ஈ காக்காய் வராது. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிற மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுகிறவரின் விவரம் ரகசியமாக இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அதே சட்டம், சாக முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலைக்கு முயன்றால் தண்டனை என்ற பழைய 309-ம் பிரிவே இல்லை. இதைச் சொல்லக் காரணம் உண்டு. வெளியே சொன்னால் போலீஸ் கேஸ் ஆகும், கம்பெனி பேர் கெடும் என்று பயந்து மூடி மறைப்பதை நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் இனித் தேவையில்லை.

ஈ.எஸ்.ஐ.க்கு எங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறீர்கள், நீங்கள் 3.25 சதவீதம் போடுகிறீர்கள். அந்த அட்டை மனநல டாக்டரைப் பார்க்கவும் செல்லும் என்று எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும்தான் ஈ.எஸ்.ஐ. என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். புதுசாக ஆள் சேரும்போது எச்.ஆர். ஒரு வரி சொன்னால் போதும்.

போன் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. கடனை அது அடைக்காது. காதில் குரல் கேட்கிறது என்கிறவருக்கும், நாலு நாளாகச் சாப்பிடாமல் மூலையில் உட்கார்ந்திருப்பவருக்கும் போன் போதாது, கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப் போக வேண்டும். ஆனால் யாரைக் கூட்டிப் போக வேண்டும் என்று தெரிவதற்காவது அவர் ஒருமுறை வாய் திறந்து பேச வேண்டும் அல்லவா.

உங்களில் நிறையப் பேர் பரம்பரைப் பணக்காரர்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். விவசாயக் காட்டை விட்டு வந்து, மிஷினில் உட்கார்ந்து, ஐந்து பவர்டேபிள் போட்டு, பங்காளியிடமும் சம்பந்தியிடமும் கைமாற்று வாங்கி மேலே வந்தவர்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டபோது பேக்கிங்கில் அடுக்கிய பெட்டிகள் போகாமல் நின்றன. அந்த நாட்களில் எங்கள் முதலாளி ராத்திரி பத்து மணிக்கு ஆபீஸில் லைட் போடாமல் தனியாக உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். தண்ணீர் பாட்டில் எடுக்கப் போனவள் அப்படியே திரும்பி வந்துவிட்டேன். கடன் வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று வளர்ந்தவர்கள் நாம். தொழிலாளியாவது லைனில் பக்கத்து மிஷின்காரியிடம் நாலு வார்த்தை புலம்பிவிடுவாள். நீங்கள் யாரிடம் சொல்வீர்கள்? அந்த நம்பர் உங்களுக்கும்தான். பேர் சொல்லாமலே பேசலாம், கம்பெனிப் பேரையும் யாரும் கேட்க மாட்டார்கள்.

எங்கள் கம்பெனியில் நான் போன மாதம் வாய் விட்டுக் கேட்டுவிட்டேன். மேனேஜர் முதலில் ஆடிட்டுக்கு எதுவும் சிக்கல் வருமா என்றுதான் கேட்டார். முதலாளி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பழைய சாம்பிள் ரூமைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். பெயிண்ட் அடித்தாயிற்று. பேன் மாட்ட வேண்டும், பூட்டுக்கு ஆள் வர வேண்டும். சுவர் நாலு பக்கமும் வெறுமையாக இருக்கிறது, பேசினால் எதிரொலிக்கிறது. கட்டிங்கில் மிஞ்சிய பிளீஸ் துணியை மடித்துச் சுவரில் அடிக்கலாமா என்று மாஸ்டரிடம் கேட்டிருக்கிறேன். வெளியே போடுவதற்கு ஸ்டூல் ஒன்று பேக்கிங்கிலிருந்து எடுத்து வைத்துவிட்டேன். முதல் ஒரு மாதம் அதில் நானே உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பேக்கிங் செக்ஷன் தொழிலாளி ஒருத்தி,
திருப்பூர்.